கட்டையனும் அக்காவின்ர காசும்

அன்பின் மச்சான்,

மாரி முடிஞ்சுது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பதில் போடேல்லை எண்டு நீ திட்டினது திருகோணமலை வரைக்கும் கேட்டது. இனி விஷயம்.

கட்டையன் உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸை ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுக்கப் போறான். திருத்தவேலையோட 80 இலட்சம். செலவு போக வருஷம் 20 இலட்சம் மிஞ்சுமாம். "அஞ்சு வருஷத்தில ஒரு கோடி, 20 இலட்சம் லாபம்" எண்டு கொத்துரொட்டிக் கடைப் பில்லுக்குப் பின்னால எழுதிக் காட்டினான். பெருக்கல் சரி. கணக்குப் பாடத்தில அவன்ர சங்கதி உனக்குத் தெரியுந்தானே, நானே அசந்துபோனன்.

ஆனா ஐந்தாம் வருஷம் வாற 20, இண்டைக்கு 20 இல்லையே! காசுக்கு வருஷம் 15 வீத வட்டி எண்டு வைச்சு, அதைப் பின்னோக்கிக் கழிச்சா அது 10 இலட்சத்துக்குக் கிட்டத்தான். ஐந்து வருஷத்தையும் சேர்த்தாலும் இண்டைய பெறுமதி 67 இலட்சம். 80ஐக் குடுத்து 67ஐ வாங்குறான். 7 வீதமெண்டா 82 வரும், தாராளமாச் செய்யலாம். 2022 ஏப்ரலில மத்திய வங்கி தன்ர கடன் வழங்கும் வீதத்தை ஒரே நாளில 7.5இல இருந்து 14.5க்கு ஏத்தினதே, அப்ப எத்தினை பேரின்ர நல்ல திட்டம் இப்பிடிக் கவிண்டிருக்கும்!

அதுக்கு அவன் சொன்ன மறுமொழிதான் என்ர வயித்தைக் கலக்குது: "எனக்கென்ன வட்டி? காசு அக்காவின்ர."

மச்சான், பேங்குக்கு சீசன் படுத்தாலும் தவணை கட்டத்தான் வேணும். அக்காவுக்கோ எல்லாரும் எடுத்து மிஞ்சினாத்தான். கடைசியா நிக்கிற ஆள் கூடக் கேக்கிறதுதான் நியாயம். அக்கா போடுற மாதிரிப் பங்குக்காசுதான் விலை கூடின காசு, பில் வராததால இனாம் மாதிரித் தெரியுது. வரியும் வங்குரோத்துச் செலவும் இல்லாட்டி, கடனையும் பங்கையும் எப்பிடிக் கலந்தாலும் நிறுவனத்தின்ர பெறுமதி மாறாது எண்டு மொடிகிலியானி, மில்லர் எண்ட ரெண்டு பொருளியல்காரர் 1958இலேயே காட்டிப்போட்டினம் எண்டன். "அவங்கள் உப்புவெளியில ரூம் நடத்தினவங்களோ?" எண்டு கேட்டான்!

நீ ஸ்காபரோவில அக்கா வீட்டுக்குக் கிட்டத்தானே. காசை ஒரேயடியா அனுப்பாம, பங்கை எழுத்தில கேக்கச் சொல்லு. மொத்தச் செலவை 67க்குக் கீழ இறக்கினா நானும் ஓமெண்டுவன். நான் சொன்னனெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. திங்கக்கிழமை அவனோட கண்டிக்குப் போகவேணும், முழுவழியும் ஒரே சீட்.

உன்ர,
வாத்தி