ஹலோவீன் மாலையில் பிள்ளைகளைக் காத்த அயலவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஸ்காபரோ அயலவர்களுக்கு,

ஒக்ரோபர் 31 ஹலோவீன் இரவு வேடமணிந்து, எங்கள் வீதிகளில் வீடுவீடாக இனிப்பு வாங்க வந்த பிள்ளைகள் எல்லோரும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, 5 மணிக்கு முன்பே காரை ட்ரைவ்வேயில் ஏற்றிவிட்டு, 8 மணிவரை எடுக்காமல் இருந்தவர்களுக்கு. இனிப்பில் நஞ்சு, ஊசி என்றுதான் பெற்றோர் பயப்படுகிறார்கள். பெரிய ஆபத்து கார்தான். 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம், ஒரு கிழமை முந்திய, பிந்திய மாலைகளைவிட 43 வீதம் அதிகம் என்று கண்டார்கள். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கே அது மிக அதிகம். உச்சம் 6 மணியளவில். இங்கே பொழுது சாய்வதும் அப்போதுதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். வீதியோரம் நிற்கும் இரண்டு வான்களுக்கு நடுவிலிருந்து ஒரு பிள்ளை பாய்ந்தால், சாரதி பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். உங்கள் வீதியோரம் வெறுமையாகக் கிடந்ததால் பிள்ளைகளும் சாரதிகளும் ஒருவரையொருவர் தூரத்திலேயே கண்டார்கள்.

சிறுசுகளைக் கூட்டிச்சென்ற பெரிய வகுப்புப் பிள்ளைகளே, ஒரு பக்கத்து வீடுகளை முடித்து, மூலையில் கடந்து, பிறகு மறுபக்கம் என்ற ஒழுங்கை நீங்கள் விடவே இல்லை.

வேட உடுப்புத் தைத்தவர்கள் அதை ஜக்கெட்டுக்கு மேலே போடத்தக்கதாக ஓர் அளவு பெரிதாகத் தைத்தீர்கள். இல்லாவிட்டால் குளிருக்கு ஜக்கெட்டை மேலே மாட்டுவார்கள். உடுப்பில் ஒட்டிய, ஒளி தெறிக்கும் ரேப் (ஒட்டுநாடா) உள்ளே மறைந்துவிடும். அந்த ரேப்பை முதுகோடு நிறுத்தாமல் இரண்டு கைகளிலும் பையிலும் ஒட்டினீர்கள். வீதியைக் கடக்கும் பிள்ளையின் பக்கவாட்டில்தானே கார் வெளிச்சம் விழுகிறது!

முறுக்குச் சுட்டு வைத்திருந்த அம்மம்மாமாருக்குத் தனி நன்றி. கடைப் பொதி பிரிக்காத இனிப்பைத்தான் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடுவார்கள் என்றதும், மனம் கோணாமல் அதையே கொடுத்தீர்கள். கச்சான் அல்வாவையும் வெளியே எடுக்கவில்லை. ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு ஒரு துணுக்கே போதும். சின்னச் சொக்கிலேற்றுகள் பலவற்றில் தனித்தனியே சேர்பொருள் விபரம் இருக்காது. அதே பெயரில் வரும் பெரிய கட்டியின் விபரமும் இதற்குப் பொருந்தும் என்றில்லை. பெட்டியின் விபரப் பக்கத்தை வெட்டிக் கதவில் ஒட்டிய வீட்டாரின் யோசனையை அடுத்த முறை எல்லோரும் செய்யலாம். ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்கு உணவல்லாத பரிசும் உண்டு என்பதற்கு அடையாளமாக நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்துப் பென்சிலும் ஸ்டிக்கரும் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

பூசணிக்காய்க்குள் மெழுகுதிரிக்குப் பதில் பற்றரி விளக்கு வைத்தீர்கள். நீண்ட அங்கிகளில் தீப்பற்றும் பயம் போயிற்று. ஒரு வேலை மட்டும் மீதி. அவற்றில் பலவற்றிலுள்ள, நாணயம் போன்ற சின்ன வட்டப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால், 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கக்கூடும். மூடியில் திருகாணி இல்லாத விளக்குகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். தீர்ந்த பற்றரியின் இருபக்கமும் ரேப் ஒட்டி, பற்றரி சேகரிக்கும் பெட்டியில் போடுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கனடாவின் நச்சுத் தகவல் நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 1-844-764-7669.

நன்றியுடன்,
வீதிப் பாதுகாப்புத் தொண்டர்கள்