கொமோடோ படகில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோ துறைமுகத்திலிருந்து கொமோடோ தீவுகளுக்குக் கிளம்பிய அந்த மரப்படகின் கேப்டனுக்கும், சமையல்கார அண்ணனுக்கும், கயிறு கட்டும் தம்பிக்கும், கொமோடோ தீவின் லோ லியாங் பகுதியில் எங்களைக் கூட்டிப்போன ரேஞ்சருக்கும், கூடவே வந்த சக பயணிகளுக்கும் இந்த மடல். பாதார் தீவின் உச்சியில் எடுத்த படத்தைப் போட்டேன், எல்லாரும் பார்த்து வாழ்த்தினீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யாருமே படத்தில் இல்லை. இவர்களில் ஒருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. அந்த ஒருவர் மலேசியாவிலிருந்து வந்திருந்த அக்கா. அக்கா, இதை மற்றவர்களுக்கு நீங்கள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும், படகில் முழுநேரமும் செய்த அதே வேலைதான்.

அதனால் முதல் நன்றியும் உங்களுக்கே. நீங்கள் பேசிய மலாய் அவர்களுக்குப் புரிந்தது, அவர்கள் பேசிய இந்தோனேசிய மொழி உங்களுக்குப் பெரும்பாலும் புரிந்தது, நடுவில் நான் தமிழில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்தது. எனக்குச் சீட்டு விற்ற ஏஜென்ட் அறை உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தார், ஏறிப் பார்த்தால் மேல்தளத்தில் வரிசையாக மெத்தைகள், அவ்வளவுதான். நான் வாயடைத்து நிற்க, நீங்கள் போனை வாங்கி, குரலை ஒரு துளியும் உயர்த்தாமல் பேசிப் பேசியே பாதிப் பணத்தை ரூபியாவாகத் திரும்ப வாங்கிக் கொடுத்தீர்கள். (மேல்தளமே நல்லதாகப் போயிற்று என்பது வேறு விஷயம். அறைக்குள் படுத்திருந்தால் அந்த வானத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.)

அப்புறம் கேப்டன். அன்று காலை படகு கிளம்பத் தாமதமானதும் சிலர் முணுமுணுத்தார்கள். துறைமுக அலுவலகம் அனுமதி கொடுக்காமல் எந்தச் சுற்றுலாப் படகும் நகர முடியாது, காற்றும் அலையும் மிஞ்சினால் அன்றைக்கு எல்லாரையும் நிறுத்திவிடுவார்கள். ஆகஸ்டில் அங்கே தென்கிழக்குக் காற்று. அனுமதி வந்ததும் கேப்டன் செய்த முதல் வேலை, திட்டத்தில் இருந்த கேலோர் தீவை எடுத்துவிட்டது. எங்களில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிப்போனது. காரணம் மாலையில்தான் புரிந்தது. வடக்கே ஃபுளோரஸ் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல், இரண்டுக்கும் நடுவில் இந்தத் தீவுகள் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. கடல்மட்டம் ஏறி இறங்கும்போது அத்தனை தண்ணீரும் தீவுகளுக்கு இடையிலான சந்துகளில் புகுந்துதான் ஓட வேண்டும். நேரம் தப்பினால் கடல் நடுவில் சுழி சுழியாகக் கிளம்புகிறது, படகு முன்னால் போகாமல் பக்கவாட்டில் நகர்கிறது. நீரோட்டம் தணியும் நேரத்தில் பாதாருக்குக் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. ஒரு தீவைக் காட்டாவிட்டால் ஆட்கள் குறை சொல்வார்கள் என்று தெரிந்தும் அதைச் செய்தார். சுற்றுலாப் படகில் கேப்டன் இப்படி முடிவெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இன்னொன்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். பாதார் வளைகுடாவில் நங்கூரம் போட்டு எல்லாரும் தூங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி காற்று திசை மாறியது. படகு சுழன்று திரும்பும்போது சங்கிலி கரகரவென்று உரசிய சத்தத்தில் பதறி எழுந்து உட்கார்ந்தேன். கேப்டன் அதற்கு முன்பே முன்பக்கம் நின்று பக்கத்துப் படகின்மேல் டார்ச் அடித்துத் தூரம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியை எழுப்பி இன்னும் கொஞ்சம் சங்கிலி விட்டார், என்னைப் பார்த்துக் கையால் "படு" என்று சைகை காட்டினார், பிறகு கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்து விடியும்வரை எழவில்லை. காலையில் யாரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை, அதனால்தான் நான் சொல்கிறேன்.

சமையல்கார அண்ணனுக்கு. நான் மீன், இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று ஏறும்போதே சொல்லியிருந்தேன். அந்தப் பக்கம் அப்படிச் சொன்னால் பலரும் மீனை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தருவார்கள், சம்பலில் தெராசி என்கிற இறால் விழுது அரைபட்டிருக்கும், அப்பளம் மாதிரி வரும் குருப்புக்கிலும் இறால் இருக்கும். இவர் அப்படியில்லை. மிளகாயையும் தக்காளியையும் எனக்கென்று தனியாக அரைத்தார், புளிக்கவைத்த சோயாக் கட்டியான டெம்பேயைப் பொரிக்கத் தனி எண்ணெய் வைத்தார், ஆட்டம் நிற்காத அந்தப் பின்கட்டில், ஒரு காலைச் சுவரில் ஊன்றி நின்றுகொண்டு. முதல் நாள் மதியம் எனக்குக் குமட்டல் எடுத்துச் சாப்பாட்டையே தள்ளி வைத்தபோது, இஞ்சியைத் தட்டிப் போட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் கலோங் தீவுக்கு எதிரே படகு நின்றிருந்த நேரம், பொழுது சாய்ந்ததும் அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வவ்வால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, இரை தேடி வரிசை வரிசையாக எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன, முடிவே இல்லாத மாதிரி. எல்லாரும் அண்ணாந்து நிற்க, அவர் மட்டும் சுடச்சுட வாழைப்பழப் பொரியலை ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டே போனார். இனிமேல் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசியில் அன்பளிப்பு கொடுக்கும்போது கேப்டன் கையோடு நிறுத்திவிடாதீர்கள், பின்கட்டுக்கும் போய்க் கொடுங்கள்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அந்த ஓய்வுபெற்ற தம்பதிக்கும் நன்றி. விடியுமுன் பாதாரில் ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் செருப்பு வார் அறுந்தது. அந்த ஐயா பையிலிருந்து இரண்டு கேபிள் டை எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டார், அம்மா முழு ஏற்றத்துக்கும் தன் டார்ச்சை என் கால் பக்கம் அடித்துக்கொண்டே வந்தார். உச்சியிலிருந்து பார்த்தால் மூன்று வளைகுடாக்கள், காய்ந்த புல் மூடிய பழுப்பு மலைகள். மழைக்காலத்தில் போனவர்கள் இதையே பச்சையாகப் பார்த்திருப்பார்கள். எனக்கென்னவோ பழுப்புதான் பிடித்தது. அந்தச் செருப்பை இன்னும் போட்டுக்கொண்டுதான் திரிகிறேன், கேபிள் டையோடு.

லோ லியாங் ரேஞ்சருக்கு எழுதுவதை யோசித்துத்தான் எழுதுகிறேன். கொமோடோ தீவில் நடப்பதற்கு முன் ஒரு விஷயம் கேட்பார்கள்: உடம்பில் இரத்தம் கசியும் காயம் இருக்கிறதா, பெண்களில் யாருக்காவது மாதவிலக்கா. கொமோடோ டிராகன் என்பது உடும்பு இனம்தான், மூன்று மீட்டர்வரை வளரும், பிளந்த நாக்கை நீட்டி நீட்டித்தான் காற்றிலிருந்து வாடை பிடிக்கும், இரத்த வாடையென்றால் வெகுதூரத்திலிருந்தே தேடி வரும். எனக்கு அன்று இரண்டாம் நாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் படகிலேயே உட்கார்ந்திருந்து விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அக்கா விடவில்லை, ரேஞ்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மாதவிலக்கு என்றதும் முகம் மாறுகிற ஆண்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் தலையசைத்தார், குறுக்குப் பாதையில் போகலாம் என்றார், இன்னொரு ரேஞ்சரைக் கூப்பிட்டு எனக்குப் பின்னால் நடக்கச் சொன்னார், தான் என் பக்கத்திலேயே கவட்டைக் கம்போடு வந்தார். கூட வந்த மற்றவர்களுக்குக் காரணம் தெரியவே தெரியாது.

நடந்துகொண்டே நிறையச் சொன்னார். குட்டிகள் பெரியவற்றுக்கு இரையாகாமல் தப்பிக்க மரத்திலேயே வாழும். கடியில் நஞ்சும் உண்டு, இரத்தம் உறையவிடாது. மான், காட்டுப்பன்றி, எருமை எல்லாம் அதற்குச் சாப்பாடுதான். ஆகஸ்ட் இணைசேரும் காலம் என்பதால் பல ஆண் டிராகன்கள் புதருக்குள் போய்விடும், கண்ணில் படுவதே கஷ்டம் என்றார். ஆனாலும் தண்ணீர்க் குட்டை ஓரம் நிழலில் ஒன்று கிடந்தது. அது தலையைத் தூக்கி நாக்கை நீட்டிய அந்த நொடியில், ரேஞ்சர் ஒன்றும் பேசாமல் எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றார். பிறகு திரும்பும் வழியில் புல்வெளியில் பனைமரம் பார்த்து நானும் அக்காவும் ஒரே நேரத்தில் "பனை!" என்று கத்தியதற்குத்தான் அவர் முதல்முறையாகச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டினார். நியாயம்தான்.

கடைசியாகத் தம்பி. எனக்கு நீச்சல் தெரியாது. மாண்டா திருக்கை பார்க்கும் இடத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும், நீரோட்டம் வரும் பக்கம் ஆட்களை இறக்கிவிட்டு, படகு அது ஓடும் பக்கம் போய்க் காத்திருந்து அள்ளிக்கொள்ளும். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நீ மிதவை வளையத்தைத் தண்ணீரில் போட்டு, கயிற்றை உன் தோளில் சுற்றிக்கொண்டு, வா என்று கையசைத்தாய். லைஃப் ஜாக்கெட்டோடு அந்த வளையத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விட்டேன். கீழே கட்டில் அளவுக்கு மேல் அகலமான ஒரு கறுப்பு உருவம், சிறகை மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்றது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. அதன் வாலில் முள் கிடையாது, ஒன்றும் செய்யாது என்று அக்கா மூலமாக நீ மூன்று முறை சொல்லியிருந்தாய், அப்படியும் உன் தோளை நகம் பதியப் பிடித்துவிட்டேன். நீ வாய்விட்டுச் சிரித்ததில் உன் வாய்க்குள் தண்ணீர் போனது.

தம்பி, படகின் உச்சியிலிருந்து நீ கரணம் அடித்துக் கடலில் குதித்த வீடியோ கேட்டிருந்தாய் அல்லவா, அது பெரிய ஃபைல், உன் போனுக்குப் போகவில்லை. துண்டு துண்டாக வெட்டி அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன், அவர் உனக்கு அனுப்புவார். மூன்றாவது துண்டில் சமையல்கார அண்ணன் உன்னைத் திட்டுவதும் பதிவாகியிருக்கிறது, அவரிடம் காட்டாதே.