அடுத்த தட்டுப்பாட்டுக்கு முன் பேருந்து நேரசூசியைச் சீர்செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாகி, அந்த விலைக்கும் கிடைக்காமல் போய், எரிபொருள் நிரப்பு நிலைய வாசல்களில் இரவு பகலாக வாகனங்கள் கிடந்ததை யாழ்ப்பாணத்தில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் வந்த, வாகனத்தைப் பதிந்து பெற்ற குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் கியூ.ஆர். முறையில் தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும் பங்கிடப்பட்டன. 2023 செப்டெம்பரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் மீண்டும் தொடங்கிவிட்டது. வரிசை கலைந்ததையே பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டோமோ என்பதுதான் என் கவலை. எண்ணெயை வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கும் நாட்டில் அத்தகைய நாள்கள் மீண்டும் வரமாட்டா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தொண்ணூறுகளில், போரின்போது குடாநாட்டுக்கு எரிபொருள் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கெட்டித்தனத்தை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அக்காலத்தில் குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள்தான்: விறகுக் கட்டும் வெங்காயச் சாக்கும் மட்டுமல்ல, வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயாளியும் அதன் கரியரில்தான் சென்றார். மேடு பள்ளம் குறைந்த நம் நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் ஏது? இன்றோ பாடசாலைக்கு மகளைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அகலமாக்கப்பட்ட வீதிகள் பலவற்றில் தார் விளிம்பு மண்கரையைவிட உயர்ந்து நிற்பதால், பின்னால் பேருந்து ஹோர்ன் அடிக்கும்போது பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை, இறங்கினால் சறுக்கி விழவேண்டியதுதான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலை ஊடறுத்துத் தீவுப் பக்கம் செல்லும் பண்ணைத் தாம்போதியில் சைக்கிளைச் சமாளித்து ஊர்காவற்றுறைப் பக்கம் போகும் ஒருவரைப் பார்த்தாலே, அந்த வீதியில் அவருக்கென ஓர் ஓரம் ஏன் ஒதுக்கப்படவில்லை என்ற கேள்வி எழும். விளிம்போடு மண் நிரப்பி இறுக்குவது பெருந்தொகை தேவைப்படும் வேலையன்று.

சைக்கிளுக்கு எட்டாத தூரங்களைப் பேருந்துதான் எட்டவேண்டும். இங்கே வண்டிகளின் எண்ணிக்கையைவிட நேரமே பெரிய சிக்கல். அரச பேருந்தும் தனியார் பேருந்தும் ஒரே பயணிக்காக ஒன்றையொன்று முந்தி ஓடுகின்றன. அவை போனபின் நெடுநேரத்துக்கு எதுவும் வருவதில்லை. மாலை மங்கியதும் உள்ளூர்த் தடங்கள் அடங்கிவிடுகின்றன. நகரில் கடையில் நிற்கும் ஒரு பெண் வேலை முடிந்து வீடு திரும்ப இயலாத ஊரில், அவர் கடன்பட்டு ஸ்கூட்டி வாங்குவதை ஆடம்பரம் என்று யார் சொல்வது? அரச, தனியார் பேருந்துகள் இரண்டுக்கும் பொதுவான இணைந்த நேரசூசி பற்றிப் பல ஆண்டுகளாகக் கூட்டங்களும் பணிப்புறக்கணிப்புகளும் நடந்துவிட்டன. இரு தரப்பினரும் வருமானத்துக்கு அஞ்சுவது புரிகிறது. எனினும் வெற்றுத் தரிப்பிடத்தில் காத்திருந்து களைத்த பயணி மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டால் இழப்பு இரு தரப்புக்குமே.

மின்சார வாகனம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் இன்றி மின்னிலையங்கள் முடங்கி, நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்ததையும் சேர்த்து எண்ணவேண்டும்.

2025 மே மாதத் தேர்தலின் பின் நம் பிரதேச சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கிறார்கள். தத்தம் உள்வீதிகளின் ஓரங்களை மழைக்காலத்துக்கு முன் சமன்செய்யவும், மாகாணப் போக்குவரத்து அதிகாரிகளையும் இரு பேருந்துத் தரப்பினரையும் ஒரே மேசையில் அமர்த்தி, இரவு 8 மணி வரையாவது ஓடும் ஒரு நேரசூசியை ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எழுதி வைக்கவும் அவர்கள் முன்வரவேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலிகாமம் வாசகர் ஒருவர்