கதிருக்கு, ஹார்பினிலிருந்து

ஹார்பின்
மே 28

அன்புள்ள கதிர்,

நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், மணி சொல்லித்தான் தெரியும். நீ மூச்சுகூட விடவில்லை, ஊருக்கு வந்து வைத்துக்கொள்கிறேன். உன் பொங்கல் கடிதத்துக்குப் பதில் போடாமலே இருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது எழுதியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று வந்துவிட்டது.

வடகிழக்குச் சீனத்தில், இங்கிருந்து கிழக்கே சுமார் 180 கிலோமீட்டரில் ஃபாங்ஜெங் என்றொரு வட்டம். வடக்கே சோங்ஹுவா ஆறு, தெற்கே காட்டு மலை. குளிர்காலத்தில் மைனஸ் முப்பதைத் தொடுகிற பூமி. அங்கே கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல்டா! இப்போது நடவு. பிளாஸ்டிக் கொட்டகைக்குள் தட்டுகளில் வளர்த்த நாற்றைப் பாய் மாதிரி சுருட்டி நடவு இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். வேர் பின்னிக் கிடப்பதால் மண் உதிர்வதே இல்லை. நீ பார்த்திருந்தால் வரப்பைவிட்டு எழுந்திருக்க மாட்டாய்.

இந்த ஊருக்கு நாற்றங்கால் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஃபுஜிவாரா சோசாக்கு என்ற ஜப்பானிய விவசாயி. எழுபதை நெருங்கும் வயதில், 1981இல் வந்தார். நாற்றங்காலில் தண்ணீர் கட்டாமல், மேலே பிளாஸ்டிக் போட்டு, விதையை நெருக்கமில்லாமல் விட்டு, தடித்த நாற்றாக எடுத்து இடைவெளி விட்டு நடச் சொன்னார். விளைச்சல் ஏறியது. முறை வடகிழக்குச் சீனம் முழுக்கப் பரவியது.

ஆனால் அந்த ஊருக்கு ஜப்பானியர் முதலில் வந்த விதம் வேறு. மஞ்சூரியா என்று அப்போது சொன்ன இந்த வடகிழக்குச் சீனத்தைப் பிடித்த ஜப்பான், சீனக் குடியானவர்களின் நிலத்தை அடிமாட்டு விலைக்குப் பிடுங்கித் தன் ஏழை விவசாயிகளைக் குடியேற்றியது. மஞ்சூரியா முழுக்க ஏறக்குறைய 2,70,000 பேர். 1945 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படை புகுந்ததும், ஜப்பானிய ராணுவம் இவர்களை அம்போவென்று விட்டுவிட்டுப் பின்வாங்கியது. ஆண்களை ஏற்கனவே படைக்கு இழுத்துக்கொண்டுபோயாகிவிட்டது. பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் நடந்தே வந்து ஃபாங்ஜெங்கில் ஒதுங்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அநாதையான பிள்ளைகளை எடுத்து வளர்த்தது யார் தெரியுமா? சீனக் குடும்பங்கள். நிலத்தைப் பறிகொடுத்த அதே ஜனங்கள், கதிர்! எனக்கு இது ஆறவே இல்லை.

1963இல் சீனப் பிரதமர் சூ என்லாய் அரசின் அனுமதியோடு, செத்த ஜப்பானியரின் எலும்புகளைத் திரட்டி ஒரு பொது மயானம் கட்டினார்கள். வளர்த்த சீனப் பெற்றோருக்கும் 1995இல் அங்கேயே நினைவிடம் எழுந்தது. இதெல்லாம் நிலைத்தது. செத்த குடியேறிகளின் பெயர்களைச் செதுக்கி 2011இல் ஒரு சுவர் எழுப்பியபோதுதான் நாடே கொதித்தது. ஐந்து பேர் வந்து சிவப்புப் பெயின்ட் ஊற்றினார்கள். சில நாளில் உள்ளூர் அரசே சுவரை இடித்துவிட்டது.

என்னோடு வேலை செய்யும் ஹார்பின்காரர் ஒருவரோடு இதைப் பற்றி ராத்திரி வெகுநேரம் வாதம். "புதைத்தது மனிதத்தன்மை. பெயரைக் கல்லில் வெட்டுவது மரியாதை. அது எங்கள் தாத்தாக்களை அடித்து விரட்டியவர்களுக்குக் கிடையாது" என்றார். ஆறு வயதுப் பிள்ளை யாரை விரட்டியது என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை சாப்பிட்ட சோறு யார் நிலத்தில் விளைந்தது?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஆனாலும் இடித்தது சரியென்று மனம் ஒப்பவில்லை. நிலம் பறிபோனவர்களின் பெயர்களையும், எந்த ஊரில் எவ்வளவு பறிபோனது என்பதையும் எதிரே இன்னொரு சுவரில் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மணியிடம் இதைப் படித்துக்காட்டு. கட்டாயம் சண்டைக்கு வருவான், வரட்டும். நீ எந்தப் பக்கம் என்று எழுது. ஆகஸ்டில் வருகிறேன். அம்மாவை வெயிலில் அலையவிடாதே, சொட்டுமருந்தை நேரத்துக்குப் போடு.

உன்,
இளங்கோ