சங்கத்துக் கிரில் குழுவுக்கு, அந்த சாஸ் பாட்டில்களைப் பற்றி

அன்புள்ள கிரில் குழு அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். போன கோடைப் பிக்னிக்கில் காலை ஏழு மணிக்கே பார்க்குக்கு வந்து கரி மூட்டி, மத்தியானம் மூன்று மணி வரை புகையிலும் வெயிலிலும் நின்று அத்தனை குடும்பங்களுக்கும் சுட்டுப் போட்டவர்கள் நீங்கள். அந்த உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்ல வந்தது நாம் ட்ரேயில் கவிழ்க்கிற பாட்டில் சாஸைப் பற்றி மட்டும்தான். அமெரிக்காவில் மற்ற ஊர்ச் சங்கங்களிலும் இதேதான் நடக்கிறது, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அன்றைக்கு அப்பாவும் என்னோடு வந்திருந்தார். வயது 71, சர்க்கரை இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. கேசரி வந்தபோது கையை ஆட்டி வேண்டாம் என்றார். ஊறுகாயைத் தொடவில்லை. அப்புறம் பார்பிக்யூ விங்ஸ், அதாவது சாஸ் தடவிச் சுட்ட கோழி இறக்கை வந்தது. "இது காரம்தானேப்பா, இதுல என்ன இருக்கு" என்று எட்டு துண்டு சாப்பிட்டார். ராத்திரி மீட்டர் 286 காட்டியது. சாஸ் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், தயிர்சாதமும் சாப்பிட்டார்தான். ஆனால் இனிப்பென்று தெரிந்ததை எல்லாம் ஒதுக்கிய மனுஷன், இனிப்பென்று தெரியாமல் ஒன்றைச் சாப்பிட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அதே மாதிரி பார்பிக்யூ சாஸ் ஒன்று வாங்கி வந்து லேபிளை நிதானமாகப் படித்தேன். ஒரு பரிமாறல் என்பது இரண்டு மேசைக்கரண்டி, 37 கிராம். அதில் 70 கலோரி, சர்க்கரை 16 கிராம், சோடியம் 290 மில்லிகிராம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பாட்டிலில் முதலில் நின்றது தக்காளி இல்லை, ஹை ஃபிரக்டோஸ் கார்ன் சிரப் என்கிற மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு. 37-இல் 16 என்றால் நூற்றுக்கு 43 பங்கு. 18 அவுன்ஸ் பாட்டிலில் 510 கிராம் சாஸ் இருக்கும், அதில் சுமார் 220 கிராம் சர்க்கரை. கெச்சப்பே இனிப்பு என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம், அதில்கூடக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான்.

சரி, நாம் உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறோம்? எட்டு விங்ஸை நம் வழக்கப்படி பிரஷ்ஷால் இரண்டு தடவை தடவிச் சுட்டேன், பாட்டிலை முன்னும் பின்னும் தராசில் வைத்தேன். 90 கிராம் குறைந்திருந்தது. கரியில் சொட்டியது, பிரஷ்ஷில் ஒட்டியது எல்லாம் போக 70 கிராமாவது கறியோடு வாய்க்குள் போயிருக்கும். அது 30 கிராம் சர்க்கரை, டீயில் ஏழரை ஸ்பூன் போட்டுக் குடிப்பதற்குச் சமம். லேபிளில் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு ஒரு நாள் அளவாக வைத்திருப்பதே 50 கிராம்தான்.

காரமான விங் சாஸ் கதை வேறு, அதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறோம். 1964-இல் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் ஆங்கர் பாரில் தொடங்கிய பஃபலோ விங்ஸின் அடிப்படையே மிளகாய் சாஸும் வெண்ணெயும்தான். இன்றைக்குப் பாட்டிலில் வருகிற சிலவற்றில் கலோரி 0 என்று போட்டிருக்கும். ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் 0 என்று போட சட்டம் இடம் தருகிறது. அந்தச் சுழியைப் பார்த்து டயட்டில் இருப்பவர்கள் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார்கள். அதே லேபிளில் சோடியம் 460 என்று இருப்பது கண்ணில் படுவதில்லை.

இதில் அளவுக் குழப்பம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். என் அலமாரியில் மூன்று பாட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மிளகாய் சாஸில் சோடியம் 190, விங் சாஸில் 460, பார்பிக்யூவில் 290. யார் பார்த்தாலும் மிளகாய் சாஸ்தான் நல்லது என்பார்கள். ஆனால் முதலாவதன் பரிமாறல் ஒரு தேக்கரண்டி, இரண்டாவதற்கு ஒரு மேசைக்கரண்டி, மூன்றாவதற்கு இரண்டு மேசைக்கரண்டி. மூன்றையும் இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொண்டுவந்தால் 1140, 920, 290. நல்லது என்று நினைத்த மிளகாய் சாஸில்தான் சோடியம் மிக அதிகம்! ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது லேபிள் கணக்கு. விங்ஸை சாஸில் புரட்டி எடுத்தால் ஒரு தட்டிலேயே பாதி போய்விடும்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பாட்டிலின் முன்பக்கத்திலேயே சோடியம், சேர்க்கப்பட்ட சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவை குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று போட வேண்டும் என ஒரு விதியை முன்மொழிந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நம் பிக்னிக்கில் சாப்பிடுகிறவர் கண்ணில் பாட்டிலின் முன்பக்கமும் படாது, பின்பக்கமும் படாது. ட்ரேயில் கொட்டிய கையோடு அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது.

சைவக் குடும்பங்கள் சார்பாக இன்னொன்று. பனீருக்கும் சோளத்துக்கும் தனி கிரில் வைக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் சில பார்பிக்யூ சாஸ்களில் வூஸ்டர்ஷைர் சாஸ் சேர்கிறது, அதில் பெரும்பாலும் நெத்திலி வகை மீன் இருக்கும். ஒவ்வாமைப் பகுதியில் மீன் என்று போட்டிருப்பார்கள். தடவுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிடுங்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. சாஸைக் கறியில் கொட்டாமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், வேண்டியவர் வேண்டிய அளவு தொட்டுக்கொள்வார். பாட்டிலும் லேபிள் தெரிகிற மாதிரி பக்கத்திலேயே இருக்கட்டும். சர்க்கரை சேர்க்காத பார்பிக்யூ சாஸ் இப்போது கடைகளில் கிடைக்கிறது, ஆனால் அதிலும் உப்பு குறைவு என்று நம்பிவிடாதீர்கள், படித்துப் பார்த்தே வாங்குங்கள். தடவியே ஆக வேண்டுமென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள். சர்க்கரை கருகாது, சாஸும் பாதி மிச்சமாகும்.

மற்றபடி ஊறவைப்பதற்கு நம் கைப்பக்குவம் போதாதா? ஒரு கிலோ கோழிக்குத் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சிபூண்டு, எலுமிச்சை, ஒரு தேக்கரண்டி உப்பு. அந்த உப்பில் சோடியம் சுமார் 2300 மில்லிகிராம், ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 460. விங் சாஸில் ஒரே ஒரு மேசைக்கரண்டிக்கு ஆகிற கணக்கு இது. சர்க்கரையோ ஒரு கிராம்கூடச் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு இப்படி ஊறவைத்த கோழி இரண்டு கிலோ நானே கொண்டு வருகிறேன். கரி மட்டும் நீங்கள் மூட்டி வையுங்கள். அப்பாவும் வருகிறார், அவருக்கும் ஒரு தட்டு போடுங்கள்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்