எய்தவள் இருக்க

பெங்களூரு, அல்சூர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். ராத்திரி அமெரிக்காவிலிருந்து போனில் உன் மான் வேட்டையைப் பற்றி நீ சொன்னது இன்னும் உறுத்துகிறது: "அம்பு விலகிப் போச்சுப்பா, மான் திடீர்னு குனிஞ்சிடுச்சு." எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நீ மானையும் சேர்த்து நோகிறாய்.

கணக்குப் போட்டுப் பார். நீ எய்த தூரம் 35 கெஜம், அதாவது 105 அடி. கப்பி வைத்த உன் காம்பவுண்ட் வில் நொடிக்கு 270 அடி வேகத்தில் விட்டாலும் அம்பு போய்ச் சேர 0.39 நொடி ஆகும். நாண் அதிரும் சத்தம் 0.1 நொடிக்குள் மானின் காதில் விழுந்துவிடும். மீதி 0.3 நொடி அதன் வசம். பாய்வதற்குக் கால் மடக்கும், முதுகு இறங்கும். காதை உன் பக்கம் திருப்பி விறைத்து நின்ற மான் வேறென்ன செய்யும்? 20 கெஜம் என்றால் அதற்குக் கிடைப்பது 0.17 நொடிதான். தூரத்தை முடிவு செய்தவள் நீ.

இன்னொன்று. மான் குனிந்தால் அம்பு உயரத் தைக்கும், பின்னால் போகாது. உன் அம்பில் பச்சை நிறப் பிசுக்கும் நாற்றமும் இருந்தது என்றாய். அது வயிறு, அதாவது அம்பு நெஞ்சுக்குப் பின்னால் போயிருக்கிறது. நீ உட்கார்ந்திருந்த பரணின் உயரத்தையும் காரணமாகத் தேடாதே. 20 அடி உயரத்திலிருந்து எய்தாலும் அந்தத் தூரத்தில் கிடைமட்ட அளவு இரண்டடிதான் குறையும்.

பக்கவாட்டில் விலகியதற்குக் காரணம் உன்னிடம்தான் இருக்க வேண்டும். வேட்டைக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டை எடு. இடது முன்னங்கையின் உள்புறம் நாண் உரசிய கோடு இருக்கிறதா பார். கோடையில் டி-ஷர்ட்டில் பழகிவிட்டு, நவம்பரில் கனத்த உடையும் கையுறையுமாக ஏறினால் இது நடக்கும். கையுறை போட்ட கை வில்லின் பிடியை இறுக்கிப் பிடிக்கும், வில் திரும்பும். உரசல் இல்லையென்றால் நாணை விடுவிக்கும் ரிலீஸ் விசையை அவசரமாக இடித்திருக்கிறாய். வேட்டைக்கான கத்திமுனையான பிராட்ஹெட் மாட்டி எத்தனை அம்பு விட்டுப் பழகினாய்? பயிற்சி முனையான ஃபீல்ட் பாயின்ட் விழும் இடத்தில் அதுவும் விழும் என்று நம்புவது பெரிய சோம்பேறித்தனம்.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு, 40 நிமிஷத்தில் கீழே இறங்கித் தேடப் போனது. நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், 4 முதல் 6 மணி நேரம். வயிறு என்றால் 8 முதல் 12 மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். கிளப்பிவிட்டால் சொட்டு ரத்தம் காட்டாமல் வெகுதூரம் போய்விடும். நீ கிளப்பிவிட்டாய்.

இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. வில் பழகும் ரேஞ்சில் தப்பு செய்தால் ஃபோம் இலக்கில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். அங்கே ஒரு உயிர் காயத்தோடு அலைகிறது.

கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் ரிப்பன் கட்டு. அங்கிருந்து பத்துப் பத்து அடி இடைவெளியில் கோடு கோடாக நடந்து தேடு. கூட ஒருவரை அழைத்துக்கொள். விஸ்கான்சினில் அடிபட்ட மானைத் தேடத்தான் என்றாலும் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் பக்கத்து நிலத்தில் கால் வைக்க முடியாது. முதலில் அவர் கதவைத் தட்டு. "மான் இந்தப் பக்கம் வந்துவிட்டது" என்று ஆரம்பிக்காதே. "நான் மோசமாக எய்துவிட்டேன், தேட அனுமதி வேண்டும்" என்று சொல். மான் கிடைக்காவிட்டால், சட்டம் கேட்காவிட்டாலும் இந்த வருஷ டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, தீர்ந்தது என்றே வைத்துக்கொள். அதில் எனக்குச் சமரசம் இல்லை.

வயிற்றில் அடிபட்டது தண்ணீர் தேடும். அந்த ஓடைக் கரையை இரண்டு பக்கமும் பார்த்தாயா? பார்த்துவிட்டு போன் பண்ணு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அப்பா