அரையாண்டுப் பருவம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்து, விடுமுறைக்குப் பின் பள்ளி மீண்டும் தொடங்கியுள்ளது. இந்தப் பருவத்தில் நம் மாணவர்கள் விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் சிறப்பாக நடந்தேறியது. பள்ளி மேலாண்மைக் குழுவினரின் முயற்சியால் குடிநீர் வசதி சீரமைக்கப்பட்டது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் திருப்புதல் தேர்வுகள் விரைவில் தொடங்கும். உழைத்த அனைவருக்கும் பள்ளியின் சார்பில் பாராட்டுகள்.

இதே கடிதத்தில் மற்றொரு செய்தியையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் பாடங்களைப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களும், இங்கே படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் முன்னாள் மாணவர்களின் பெற்றோர்களும் இதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் ரெஸ்யூம், அதாவது படிப்பையும் திறன்களையும் சொல்லும் தன்விவரத் தாள், பற்றியது இது.

கணினித் துறையில் நுழைவதற்குப் பொறியியல் பட்டம் ஒன்றே வழி என்ற நிலை இப்போது இல்லை. ஸோஹோ மென்பொருள் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து வருகிறது. எச்.சி.எல். நிறுவனம் பயிற்சியளித்து வேலை தரும் டெக்பீ திட்டமும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கானது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் மேம்பாட்டுத் திட்டத்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இத்தகைய வாய்ப்புகள் தெரிய வந்துள்ளன. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு என்றிருக்கும் நம் வட்டாரத்துக்கு இது நல்ல காலம். ஆனால் அந்த வாசலில் நம் பிள்ளைகள் நீட்டுகின்ற காகிதம் அவர்களுடையதாக இல்லை என்பதுதான் என் கவலை.

அண்மையில் ஒரு நிறுவனத்தின் ஆள்தேர்வுக்குச் சென்று வந்த நம் மாணவர்களின் ரெஸ்யூம்களை வாங்கிப் பார்த்தேன். பெரும்பாலானவை கணினி மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பணம் கொடுத்துத் தயாரிக்கப்பட்டவை. பெயரையும் மதிப்பெண்ணையும் தவிர எல்லாவற்றிலும் ஒரே வாசகங்கள், ஒரே பொழுதுபோக்கு, ஒரே குறிக்கோள். ஒரு மாணவனின் தாளில் கடைசியில் வரும் உறுதிமொழிக்குக் கீழே வேறொரு மாணவனின் பெயர் இருந்தது; முந்தைய பிரதியில் இருந்ததை மாற்ற மறந்திருக்கிறார்கள். இன்னொரு மாணவனுக்குக் கடைக்காரரே மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்திருக்கிறார். கடவுச்சொல் கடையில்தான் இருந்தது. நேர்காணலுக்கான அழைப்பு அந்த முகவரிக்கு வந்து, எவரும் திறந்து பார்க்காமலேயே தேதி கடந்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது ஒரு மாணவியின் ரெஸ்யூம். அதில் சி, சி++, ஜாவா, பைத்தான், எஸ்.க்யூ.எல். எனக் கணினி மொழிகள் ஐந்தும் தெரியும் என்றும், மருத்துவமனை மேலாண்மை மென்பொருள் ஒன்றை உருவாக்கியிருப்பதாகவும் எழுதியிருந்தது. நேர்காணலில் ஜாவாவைப் பற்றிக் கேட்டபோது அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு, அவளுக்கு உண்மையிலேயே நன்றாகத் தெரிந்த பைத்தானையும் அவர்கள் நம்பவில்லை. அவளுடைய தாயார் பீடி சுற்றுபவர். ஒவ்வொரு நாளும் சுற்றிய பீடியின் எண்ணிக்கையைக் கொடுத்தால், ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் வாரக்கூலியையும் பிடித்தத்தையும் காட்டும் சிறிய கணினி நிரல் ஒன்றை அவள் பைத்தானில் எழுதியிருக்கிறாள். தாயார் அதைக் கொண்டுதான் கூலியைச் சரிபார்க்கிறார். ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடையில் இருந்த மாதிரியில் மருத்துவமனை மென்பொருள் இருந்ததால் அதையே போட்டுவிட்டார்கள். தன் வீட்டுத் தேவைக்குத் தானே யோசித்து நிரல் எழுதிய ஒரு பெண்ணை, எதையோ நகலெடுத்த பெண்ணாக அந்தத் தாள் காட்டிவிட்டது.

பெற்றோர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது, நமக்குத் தெரியாது, தெரிந்தவர்களிடம் கொடுத்தால் நன்றாக வரும் என்று எண்ணி, தறியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுக்கிறீர்கள். அப்படிக் கிடைக்கும் வண்ணத்தாள் பிள்ளைக்கு உதவவில்லையே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்கு வருபவரின் ரெஸ்யூம் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். மேலே பெயர், தொலைபேசி எண், பிள்ளையின் சொந்தப் பெயரிலான மின்னஞ்சல், ஊர் ஆகியவை இருந்தால் போதும். தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி, மதம், திருமண நிலை, ஆதார் எண் ஆகியவை பழைய பயோடேட்டா வழக்கத்தில் வந்தவை. மென்பொருள் வேலைக்கான ரெஸ்யூமில் அவற்றுக்கு இடமில்லை, ஆதார் எண்ணை ஊர் ஊராக அச்சடித்துக் கொடுப்பது ஆபத்தும் கூட. படிப்பை எழுதும்போது கடைசியாகப் படித்தது முதலில் வர வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே தாளை அனுப்பாமல், அந்த வேலைக்கான அறிவிப்பில் கேட்டிருப்பவற்றுள் பிள்ளைக்குத் தெரிந்தவற்றை முன்னால் வைத்து ஒவ்வொரு முறையும் சிறிது திருத்திக்கொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் வாசிப்பது மனிதர் அல்லர், மென்பொருள். கட்டம் கட்டி, படம் வைத்து, இரண்டு பத்திகளாகப் பிரித்து அலங்கரித்த தாளில் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அது தடுமாறக்கூடும். அச்சிட்ட தாளைக் கைப்பேசியில் புகைப்படம் எடுத்து அனுப்பினால் எழுத்துகளையே அறியாமல் போகலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் மேலிருந்து கீழாகத் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பையே பி.டி.எஃப். ஆகச் சேமித்து, பிள்ளையின் பெயரையே கோப்புக்கும் இட்டு அனுப்புவதே பாதுகாப்பானது.

திறன்கள் என்ற பகுதியில் பொய்க்குத் தேவையே இல்லை. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டில் பைத்தானும் மை எஸ்.க்யூ.எல்.லும் நம் பாடநூலிலேயே இருக்கின்றன. கணினிப் பயன்பாடுகள் படித்தவர்களுக்கு எச்.டி.எம்.எல்.லும் பி.எச்.பி.யும் இருக்கின்றன. இவற்றுள் எதில் பிள்ளை புத்தகத்தைப் பாராமல் ஒரு நிரல் எழுதுவானோ அதை மட்டும் எழுதினால் போதும். இரண்டு மொழிகளே வந்தாலும் குறையில்லை. செய்துபார்த்த வேலையைத்தான் விரிவாக எழுத வேண்டும்: என்ன சிக்கல், எதைக் கொண்டு தீர்த்தான், அதில் தன் பங்கு என்ன, இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்ற நான்கும் இரண்டு மூன்று வரிகளில் வந்துவிட வேண்டும். நிரல்களைச் சேமித்துப் பிறருக்குக் காட்ட உதவும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் நிரலை ஏற்றி அதன் இணைப்பையும் கொடுத்தால், பார்ப்பவர் தாமே திறந்து சரிபார்த்துக்கொள்வார். விடுமுறையில் கடையில் பில் போட்ட அனுபவம், அக்கம்பக்கத்தாருக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது ஆகியவற்றையும் வெட்கப்படாமல் எழுதலாம். அனுபவமே இல்லை என்று வெற்றிடம் விடுவதைவிட அது மேலானது.

இங்கே நான் சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்யாத திட்டத்தைச் செய்ததாகவும், பெறாத சான்றிதழைப் பெற்றதாகவும், மதிப்பெண்ணைக் கூட்டியும் எழுதிய ரெஸ்யூமுடன் வரும் எந்த மாணவரையும் பள்ளி வழியாக நடக்கும் ஆள்தேர்வுகளுக்கு இனி அனுப்ப மாட்டோம். நிறுவனங்கள் வேலையில் சேர்த்த பிறகும் சான்றுகளைச் சரிபார்க்கின்றன. பொய் தெரிந்தால் வேலை போகும், அந்தப் பிள்ளையுடன் சேர்ந்து, அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் அந்த வாசல் அடைபடும். நேர்காணலுக்கு முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பிப் பிள்ளையின் சான்றிதழ்களைக் கொடுத்துவிடவும் வேண்டாம். இதில் விதிவிலக்கு இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெற்றோர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மின்னஞ்சலைப் பிள்ளையே தன் பெயரில் தொடங்கி, கடவுச்சொல்லை வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ரெஸ்யூம் தயாரானதும் ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, ஒவ்வொரு வரியையும் படித்து, அதன் பொருளை உங்களுக்குப் புரியும்படி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. எந்த வரியில் பிள்ளை தடுமாறுகிறானோ, எதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறாளோ, அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மற்றதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். செவ்வாய், வியாழக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் திறந்திருக்கும். கணினி ஆசிரியர்கள் உடனிருந்து தட்டச்சு செய்யவும், ஆங்கில ஆசிரியர்கள் பிழை திருத்தவும் உதவுவார்கள். முன்னாள் மாணவர்களும் தாராளமாக வரலாம். பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் செல்லும் பிள்ளைகள் பேருந்தைத் தவறவிடாதபடி ஐந்தரை மணிக்குள் அனுப்பிவைக்கப்படுவார்கள். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

வேலை நாளன்று கூலியை விட்டுவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறீர்கள். மாலை வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து பெண்பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள். அந்த ஒத்துழைப்பு இருப்பதால்தான் இதைக் கேட்கும் உரிமையை எடுத்துக்கொண்டேன். தங்கள் அனைவருக்கும் ஆசிரியர்கள் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி. தாயாரின் பீடிக் கூலிக்கு நிரல் எழுதிய அந்த மாணவி இந்த வாரம் ஆய்வகத்தில் தன் ரெஸ்யூமைப் புதிதாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். உங்கள் பிள்ளையையும் வரும் செவ்வாய்க்கிழமை அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.